ப்ரூக்ளினில் ஒரு பிரவுன்ஸ்டோன் வீட்டை வாங்கும் முன்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். நியூ ஜெர்சியில் வாடகைக்கு இருக்கும் நீங்களும் உங்கள் கணவரும் நியூயார்க் நகரத்து ப்ரூக்ளினின் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் பகுதியில் 1880களில் கட்டிய நான்கு தள பிரவுன்ஸ்டோன் வீடு (செம்பழுப்புக் கல் முகப்புள்ள வரிசை வீடு) ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். வீட்டுக்கார அம்மா காலமாகிவிட்டார், பிள்ளைகள் விற்கிறார்கள். கீழ்த்தளத்தில் ஒரு பெரியவர் பல வருடமாகக் குடியிருக்கிறார். விளம்பரத்தில் ‘ஹிஸ்டாரிக்’ என்று போட்டிருக்கிறது. 140 வருடத்துக் கல் வீடு, இன்னும் நூறு வருடம் அசையாது என்று புரோக்கர் சொல்கிறார், நம்பலாமா, ஏரியா வேறு மாறிக்கொண்டே இருக்கிறது, இப்போது வாங்குவது சரியா என்று முடித்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி ‘சரியா’வில் இரண்டு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. போடுகிற காசுக்குச் சரியா என்பது ஒன்று. அந்த அம்மா வாழ்ந்த வீட்டில், அந்தப் பெரியவர் இருக்கும்போதே, நாம் போய் உட்காருவது சரியா என்பது இன்னொன்று. இரண்டாவதை நீங்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் பெரியவரைப் பற்றி நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள், சமையலறையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான் கட்டுமானப் பொறியாளர். 18 வருடமாக ப்ரூக்ளினிலும் ஹார்லெமிலும் இந்த மாதிரி வரிசை வீடுகளைப் பரிசோதிப்பதும் செப்பனிடுவதும்தான் என் வேலை. சுவரையும் உத்திரத்தையும் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். பத்திரம், வாரிசு, குடித்தனச் சட்டம் இவற்றில் எனக்குத் தெரிந்தது கூடவே நின்று பார்த்ததால் தெரிந்தது. அதற்கு உங்கள் வக்கீல் சொல்வதே கடைசி வார்த்தை. விலை ஏறுமா என்பதில் நான் வாய் திறக்கப் போவதில்லை.

முதலில் ‘கல் வீடு’ என்ற பேச்சை விட்டுவிடுங்கள். அது செங்கல் வீடு. தெருவைப் பார்த்த முகப்பில் மட்டும் நான்கிலிருந்து ஆறு அங்குலம் கனத்துக்கு மணற்கல் பலகை ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். பக்கச்சுவர், பின்சுவர் எல்லாம் செங்கல். அந்தக் கல் பெரும்பாலும் கனெக்டிகட் மாநிலத்தில் போர்ட்லேண்ட் என்ற ஊரின் குவாரியிலிருந்தோ நியூ ஜெர்சி குவாரிகளிலிருந்தோ வந்தது. சுமார் 20 கோடி வருடத்துக்கு முந்தைய ஆற்று மணல், இரும்புச் சத்து கலந்து கெட்டிப்பட்டதால் அந்தச் செம்பழுப்பு நிறம். உளிக்கு நன்றாக வளைந்து கொடுக்கும் கல். அதனால்தான் ஜன்னல் தலைப்பிலும் வாசல் நிலையிலும் அத்தனை வேலைப்பாடு. ஆனால் அதே மென்மைதான் அதன் குறையும். ஆற்றுப் படுகையில் இந்தக் கல் அடுக்கு அடுக்காகப் படிந்தது. படுத்த வாக்கிலேயே சுவரில் வைத்திருந்தால் மேலே உள்ள பாரம் அடுக்குகளை அழுத்திப் பிடித்திருக்கும். கட்டியவர்கள் பலகை பெரிதாகக் கிடைக்கட்டும் என்று அடுக்கைச் செங்குத்தாக நிறுத்தி ஒட்டிவிட்டார்கள், புத்தகத்தின் அட்டையைத் தெருவுக்குக் காட்டி நிறுத்தி வைத்த மாதிரி. மழைநீர் அடுக்குக்குள் இறங்கும், ஜனவரியில் உறையும், உறைந்தால் விரியும். ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு பக்கத்தைக் கிழிக்கும். பல முகப்புகள் கட்டி முப்பது நாற்பது வருடத்திலேயே செதில் விட ஆரம்பித்துவிட்டன. புரோக்கர் சொல்லும் நூறு வருடத்தை இந்தக் கல்லின் பேரில் தர முடியாது.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு மரச்சுத்தியல் போதும். வாசல் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரிலும் கீழ்த்தள ஜன்னல்களைச் சுற்றியும் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல கல் ‘டங்’ என்று கெட்டியாகப் பேசும். உள்ளே பிரிந்த கல் பழைய பானையைத் தட்டின மாதிரி ‘பொத்’தென்று கேட்கும். கை வைத்தால் மணலாக உதிர்ந்தால் அந்த இடத்தை வெட்டி எடுத்தாக வேண்டும். முறையான வைத்தியம் இதுதான்: கெட்ட பாகத்தை நல்ல கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, அதன் மேல் சிமென்ட்டும் சுண்ணாம்பும் மணலும் கலந்த காரையைப் பல கோட்டாகப் பூசி, நிறம் சேர்த்த கடைசிக் கோட்டைக் கல் போலவே செதுக்குவது. நீங்கள் தெருவில் பார்த்து ‘என்ன அழகு’ என்று நின்ற பல முகப்புகள் இப்படிப் பூசியவைதான், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. குற்றம் எது என்றால் உதிர்கிற கல்லின் மேல் பெயின்ட் அடிப்பதும் பளபளப்பாக சீலர் தடவுவதும். உள்ளே போன ஈரம் வெளியேற வழி இல்லாமல் அடியில் கல் கூழாகிவிடும். விற்பனைக்கு முந்தைய மாதம் புதிதாகப் பெயின்ட் அடித்த பிரவுன்ஸ்டோன் முகப்பைப் பார்த்தால் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

ஆனாலும் முகப்பு உதிர்வதால் வீடு விழாது. செலவு, அவ்வளவே. வீடு நிற்பதும் விழுவதும் வேறு இடத்தில் தீர்மானமாகிறது, அதை வாங்க வருகிறவர்கள் யாரும் பார்ப்பதே இல்லை. இந்த வீடுகள் 20 அடி அகலமோ அதற்கும் குறைவோ இருக்கும். பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது ஒரே பொதுச்சுவர். மர உத்திரங்கள் ஒரு பொதுச்சுவரிலிருந்து மறு பொதுச்சுவருக்கு, குறுக்கு வாக்கில் போகும். அப்படியானால் முன்சுவரோடும் பின்சுவரோடும் உத்திரங்கள் இணையாக ஓடுகின்றன, அவற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. நாற்பது அடிக்கு மேல் உயரமான முன்சுவர், மூலைகளில் மட்டும் கட்டப்பட்டு, ஏறக்குறையத் தன் காலில் தான் நிற்கிறது. நூறு வருடத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தெருப்பக்கம் உப்பும். வெளியே சுவரோரமாக நின்று, கன்னத்தைச் சுவரில் வைத்த மாதிரி ஒரு கண்ணால் மேலே பாருங்கள். நடுவில் தொப்பை தெரிகிறதா? உள்ளே வந்து இரண்டாம் தளத்து முன்னறையில், தரைக்கும் முன்சுவருக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி இருக்கிறதா? இருந்தால் இரும்புக் கம்பியால் சுவரை உத்திரங்களோடு இழுத்துக் கட்ட வேண்டும். செய்யக்கூடிய வேலைதான். தெரியாமல் வாங்கினால்தான் ஆபத்து.

தரையைப் பற்றியும் நீங்கள் கேட்டீர்கள், படிக்கட்டுப் பக்கம் சரிகிறது என்று. நான் பார்த்த நூறு வீட்டில் தொண்ணூறில் சரியும். படிக்கட்டுக்காக உத்திரங்களை வெட்டிய இடத்தில் பாரம் முழுவதும் ஒன்றிரண்டு கட்டைகளில் இறங்குகிறது, அவை காலப்போக்கில் தாழ்ந்துவிட்டன. பழைய தாழ்வு வேறு, நடந்துகொண்டிருக்கும் தாழ்வு வேறு. கதவின் மேல் விளிம்பு சாய்வுக்குத் தக்கபடி எப்போதோ சீவப்பட்டு, சீவிய இடத்தில் பல கோட்டுப் பெயின்ட் ஏறியிருந்தால் அது பழசு, பயம் வேண்டாம். போன வருடம் அடித்த பெயின்ட்டைப் பிளந்துகொண்டு விரிசல் ஓடினால் அது இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். எல்லாவற்றையும்விட எனக்கு பயம் குளியலறைதான். முதலில் இந்த வீடுகளில் ஒன்றோ இரண்டோ குளியலறைதான். பிறகு ஒவ்வொரு தளத்துக்கும் ஒன்று சேர்த்தபோது பிளம்பர்கள் வழியில் வந்த உத்திரத்தை அறுத்துவிட்டுப் போனார்கள். ஒருமுறை கீழ்க் கூரையைத் திறந்தபோது பத்து அங்குல ஆழமுள்ள உத்திரத்தில் மூன்று அங்குலம் மட்டும் மிச்சம் இருந்தது. அதன் மேல் வார்ப்பிரும்புத் தொட்டி, தினமும் அதில் ஒரு குடும்பம் குளித்துக்கொண்டிருந்தது. தொட்டியைத் தாங்கியது உத்திரம் இல்லை, பழைய தரைப் பலகைகளும் குழாயும்தான். இதைத் திறந்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. அதனால் குளியலறைகளுக்குக் கீழே உள்ள உட்கூரையில் இரண்டு இடத்தில் ஓர் அடி சதுரம் வெட்டிப் பார்க்க விற்பவர்களிடம் அனுமதி கேளுங்கள், திரும்ப அடைத்துத் தரும் செலவு உங்களுடையது. இதனால்தான் புதுசாகச் செப்பனிட்டுப் பளிச்சென்று இருக்கும் வீட்டைவிட, அந்த அம்மா விட்டுப்போன மாதிரியே இருக்கும் உங்கள் வீட்டை நான் அதிகம் நம்புகிறேன். அதில் மறைப்பதற்கு யாரும் எதுவும் செய்யவில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கழிவுநீர்க் குழாயும் குடிநீர்க் குழாயும் தெருவிலுள்ள நகராட்சிக் குழாய்வரை உங்கள் பொறுப்பு, கேமரா விட்டுப் பாருங்கள். குடிநீர் இணைப்பு ஈயக் குழாயாக இருக்கலாம், 1961 வரை அது அனுமதிக்கப்பட்டிருந்தது. பெயின்ட்டில் ஈயம் 1960-இல் நியூயார்க்கில் தடைசெய்யப்பட்டது, எனவே இந்த வீட்டில் அடிக்கோட்டில் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குச் சின்னக் குழந்தை இருப்பதால் சொல்கிறேன். மின்கம்பி பழசு என்றால் முழுவதும் மாற்ற வேண்டும்.

‘ஹிஸ்டாரிக்’ என்ற சொல்லுக்கு வருவோம். புரோக்கர் போடுவது வெறும் சொல். நகரச் சட்டத்தில் அதற்குப் பொருள் வருவது, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் லேண்ட்மார்க்ஸ் ஆணையம் அறிவித்த வட்டாரத்துக்குள் வீடு இருந்தால், அல்லது அந்த வீட்டையே தனியாக அறிவித்திருந்தால் மட்டும். மன்ஹாட்டனில் இருந்த பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடித்த ஆத்திரத்தில் பிறந்தது 1965-இன் அந்தச் சட்டம். பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்டில் ஸ்டைவசன்ட் ஹைட்ஸ் வட்டாரம் 1971-இல் அறிவிக்கப்பட்டது, 2013-இல் விரிவாக்கப்பட்டது. பெட்ஃபோர்ட் வட்டாரம் 2015-இல் வந்தது. இப்படி அறிவிக்கப்படாத தெருக்களில் நூறு வருட வீட்டைக்கூட இடித்துவிடலாம். 2022-இல் வில்லோபி அவென்யூவில் இருந்த டாங்லர் மாளிகை அப்படித்தான் போயிற்று. உங்கள் வீடு வட்டாரத்துக்குள் இருக்கிறதா என்று ஆணையத்தின் வரைபடத்தில் ஐந்து நிமிடத்தில் பார்க்கலாம். உள்ளே இருந்தால் ஜன்னல், வாசல் கதவு, படிக்கட்டு, முகப்பு எதை மாற்றவும் அனுமதி வேண்டும். உள்ளறைகளில் பொதுவாக உங்கள் இஷ்டம். எதையும் தொட முடியாது என்பது வெறும் பயம். எதிர்வீட்டு முகப்பும் நாளை மாறாமல் இருக்கும் என்பது அதில் கிடைக்கும் லாபம். மாநில அல்லது தேசியப் பதிவேட்டில் உள்ள வீடாகவும், வருமான அளவில் தகுதிபெற்ற மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தொகுதியில் உள்ளதாகவும் இருந்தால், செப்பனிடும் செலவில் 20 சதவீதம், 50,000 டாலர் வரை, மாநில வருமான வரியில் கழிவு உண்டு. வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொன்று, இது எனக்கு மிகவும் பிடித்தது. 1939 முதல் 1941 வரை நகரின் வரித்துறை ஐந்து பரோக்களிலும் (நகரின் பெரும்பிரிவுகள்) கட்டடம் கட்டடமாகப் போட்டோ எடுத்தது. நகராட்சி ஆவணக் காப்பகம் அவற்றை இணையத்தில் போட்டிருக்கிறது. உங்கள் வீட்டின் பிளாக் எண்ணும் லாட் எண்ணும் போட்டால் அன்றைய முகப்பு வரும். கூரை விளிம்பு அலங்காரம் எது, படிக்கட்டு எந்தப் பக்கம் என்று எல்லாம் தெரியும். சில படங்களில் வாசற்படியில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த வாசற்படி மனிதர்களைச் சொல்லாமல் ஏரியா மாறுகிறது என்பதற்குப் பதில் சொல்ல முடியாது. ஃபுல்டன் தெருவுக்கு அடியில் ரயில் 1936-இல் வந்தது. ஹார்லெமிலிருந்தும் தெற்கு மாநிலங்களிலிருந்தும் கரீபியன் தீவுகளிலிருந்தும் வந்த கறுப்பினக் குடும்பங்கள் இங்கே குடியேறின. இரண்டே வருடத்தில், 1938-இல், அரசு வீட்டுக்கடன் நிறுவனத்தின் வரைபடம் இந்தப் பகுதிக்குச் சிவப்பு அடித்து, கடன் தர லாயக்கில்லை என்று கடைசித் தரத்தில் தள்ளியது. வங்கிகள் கதவை மூடின. பார்படோஸ் போன்ற தீவுகளிலிருந்து வந்தவர்கள் ‘சூசூ’ என்று ஒன்று வைத்திருந்தார்கள், அச்சு அசலாக நம் ஊர்ச் சீட்டு: ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, முறை வைத்து ஒருவர் எடுப்பது. அதில் எடுத்த பணமும் அறைகளை வாடகைக்கு விட்ட பணமும் பல வீடுகளுக்கு முன்பணமாயிற்று. பிறகு வந்த முப்பது நாற்பது வருடம், நகரமே கைவிட்ட காலத்தில், கூரைக்குத் தார் பூசி, கொதிகலனை ரிப்பேர் செய்து இந்த வீடுகளை நிற்க வைத்தவர்கள் அவர்கள். இன்று நீங்கள் பார்க்கும் பளிங்குக் கணப்படுப்பும் சுவருக்குள் ஒளியும் மரக் கதவுகளும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் கட்டியவர்கள் மட்டும் இல்லை. 2010-க்கும் 2020-க்கும் இடையில் மட்டும் இந்தப் பகுதியில் கறுப்பின மக்கள் 20,000 பேருக்கு மேல் குறைந்தார்கள். ‘மாறிக்கொண்டிருக்கும் ஏரியா’ என்று விளம்பரம் சொல்வது இதைத்தான்.

அதனால் பத்திரத்தைப் பாருங்கள் என்று நான் சொல்வது வெறும் சடங்குக்காக இல்லை. இங்கே வயதானவர்களை ஏமாற்றிக் கையெழுத்து வாங்குவதும், பொய்ப் பத்திரம் பதிவதும், பத்து வாரிசில் ஒருவருடைய பாகத்தை மட்டும் சல்லிசாக வாங்கி மற்றவர்களை நீதிமன்றத்துக்கு இழுத்து வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுவருவதும் வருடக்கணக்கில் நடந்திருக்கின்றன. பத்திரத் திருட்டைத் தனிக் குற்றமாகவே நியூயார்க் மாநிலம் 2024-இல் சட்டமாக்கியது. நகரின் சொத்துப் பதிவேடு, ஏக்ரிஸ் என்று பெயர், 1966 முதலான பத்திரங்களோடு இணையத்தில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். நம் ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது போல ஒவ்வொரு பத்திரத்தையும் படியுங்கள். அந்த அம்மாவின் பெயருக்குப் பிறகு திடீரென்று முகம் தெரியாத ஒரு கம்பெனி பெயர் வந்தால், விலை சந்தைக்கு மிகக் கீழே இருந்தால், நில்லுங்கள். உயில் இருந்தால் நிறைவேற்றுபவருக்கு, உயில், வாரிசு விஷயங்களைப் பார்க்கும் சரகேட் நீதிமன்றம் தந்த அதிகாரக் கடிதம் வேண்டும். உயில் இல்லையென்றால் எல்லா வாரிசும் யார், எங்கே என்று உங்கள் வக்கீல் கேட்க வேண்டும். பிள்ளைகள் மூன்று பேர் விற்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்காவதாக யாரும் இல்லையே என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

கூடவே வீட்டில் எத்தனை குடித்தனம் சட்டப்படி அனுமதி என்று பாருங்கள். 1938-க்கு முந்தைய வீடுகளுக்குக் குடியிருப்புச் சான்றிதழ் இல்லாமல் இருக்கலாம், அப்போது வீட்டுவசதித் துறையின் பழைய ஆய்வு அட்டை உதவும். ஒண்டிக்குடித்தன அறைகளாகப் பதிவாகியிருந்தால், குடியிருந்தவர்களைத் துன்புறுத்தவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் உங்களால் வேலையே தொடங்க முடியாது. 1974-க்கு முன் கட்டிய வீடு ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட குடித்தனமாக இருந்திருந்தால் வாடகைக் கட்டுப்பாடு வரும். மூன்று குடித்தனம்வரை இருந்தால் வரி மதிப்பு வருடத்துக்கு 6 சதவீதத்துக்கு மேல், ஐந்து வருடத்தில் 20 சதவீதத்துக்கு மேல் ஏறாது. நான்கானால் அது 8, 30. அந்த அம்மா காலத்து வரி குறைவாக இருப்பது இதனால்தான். வாங்கும் அன்று விலை பத்து லட்சம் டாலரைத் தொட்டால் 1 சதவீதத்தில் தொடங்கும் ‘மாளிகை வரி’ உண்டு, ஐந்து லட்சமோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் கடன் பதிவு வரி உங்கள் பங்கு 1.925 சதவீதம். இவற்றை விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இப்போது அந்தப் பெரியவர். ‘காலி செய்துதான் தருவோம்’ என்று புரோக்கர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தவருக்கு 90 நாள் எழுத்து அறிவிப்பு வேண்டும் என்று 2019-இன் சட்டம் சொல்கிறது. அவர் போகாவிட்டால் நீதிமன்றம்தான் வழி. இது சட்டம். என் அபிப்பிராயம் வேறு: அவரை யாரோ கிளப்பிவிட்ட பிறகு வந்து சாவியை வாங்கிக்கொள்ளாதீர்கள். நீங்களே போய் அவரிடம் பேசுங்கள். அவர் இருக்கட்டும், கட்டுகிற வாடகையைக் கட்டட்டும், கீழ்த்தளம் அவருடையது என்று வைத்து உங்கள் கடன் கணக்கு தாங்குமா என்று பாருங்கள். தாங்கினால் வாங்குங்கள். தாங்காது, அவர் போனால்தான் முடியும் என்றால், அந்த விலை உங்களுக்கு எட்டாத விலை என்றே நான் சொல்வேன். நான் செப்பனிட்ட வீடு ஒன்றில் வாங்கிய தம்பதி கீழ்த்தளத்து அம்மாவை அப்படியே வைத்துக்கொண்டார்கள். எந்தக் குழாயின் மூடி எங்கே, எந்த மழைக்குப் பின்சுவர் ஒழுகும், பக்கத்து வீட்டோடு பொதுச்சுவரில் என்ன பேச்சு நடந்தது என்று அந்த அம்மா சொன்னதில் பாதி எந்த வரைபடத்திலும் கிடையாது. 1977-இல் அடைத்த ஒரு புகைபோக்கியை அவர் சொல்லித்தான் கண்டுபிடித்தேன்.

அடுத்த முறை பார்க்கப் போகும்போது, நல்ல மழை பெய்த மறுநாளாகப் பார்த்துப் போங்கள். ஒரு டார்ச் லைட், தரைச் சரிவை உருட்டிப் பார்க்க ஒரு கோலிக்குண்டு, ஒரு மரச்சுத்தியல் எடுத்துக்கொள்ளுங்கள். மேல் தளத்தில் பின்பக்கக் கூரையில் கறை பார்த்துவிட்டு நிலவறைக்கு இறங்கி, தெருப்பக்கச் சுவரின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஓதம் இருந்தால் கையிலேயே தெரியும். போகும் வழியில் பெரியவரின் கதவைத் தட்டுங்கள். உப்பிய சுவர், திறந்து பார்த்த உத்திரம், நிலவறை மூன்றுக்கும் போட்டோ எடுத்துப் போட்டால் நான் பார்த்துச் சொல்கிறேன். முகவரி வேண்டாம், படம் போதும்.